நீர், நீ, நீங்க

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, ஞாயிறு பள்ளியில் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். பொன்மோதிரம் போட்டு மினுக்கான துணி உடுத்திய ஒருவனும், கந்தை உடுத்திய ஒருவனும் ஆலயத்துக்குள் வருகிற இடம். முதல் ஆளைப் பார்த்து, “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்” என்கிறார்கள். இரண்டாம் ஆளைப் பார்த்து, “நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு” என்கிறார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புத்தி போகாது. “இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன். ஒருத்தி, “அவருக்கு நல்ல இடம், இவருக்குக் கால்பக்கம்” என்றாள். இன்னொருத்தன், “அவரை ஐயான்னு சொல்றாங்க” என்றான். பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கி, “அவருக்கு நீர். இவருக்கு நீ” என்றான்.

இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு மரியாதைப் பன்மை சொல்லிக்கொடுக்கிறேன். இப்படி ஒரு பதில் கிடைத்தால் விடுவேனா? எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரையும் கைதட்ட வைத்து, “இதுக்கு நம்ம வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் சொல்லு பார்ப்போம்” என்றேன்.

அவன் யோசிக்கவே இல்லை. “ஐயர் வந்தா நீங்க வாங்கன்னு சொல்லுவிய. எங்க ஆச்சிய நீ வான்னு சொல்லுவிய டீச்சர்.”

ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர். பையன் குறை சொல்லவில்லை. சரியான விடை கைக்கு அகப்பட்ட சந்தோஷம்தான் அந்த முகத்தில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். நான் “சரி, அடுத்த வசனம்” என்றேன். அடுத்த வசனம் என்னவென்று இப்போது கேட்டாலும் எனக்கு ஞாபகம் வராது.

அவனுடைய ஆச்சி ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர். பாத்திரம், துணி, வீடு துடைப்பது, காலையில் இரண்டு மணி நேரம். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். எங்கள் சபைதான். நற்கருணை ஞாயிறுகளில் அவரும் நானும் பீடத்தின் முன்னால் இருக்கிற ஒரே அளிக் கிராதிக்குமுன் முழங்காலில் நிற்போம், ஒரே பாத்திரத்திலிருந்து குடிப்போம். அப்புறம் திங்கட்கிழமை காலையில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “அந்தச் சட்டியை ஏன் இன்னும் கழுவலை நீ?” என்பேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது என் தரப்பு நியாயங்களை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். கிறிஸ்மஸுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் எனக்கு எடுக்கிற கடையிலேயே. பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்திருக்கிறேன். கண்ணில் புரை வந்தபோது நானே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், ஆபரேஷன் முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர் வைத்ததே கிடையாது; அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. இத்தனையும் செய்தபோது என் வாயில் இருந்தது “நீ”தான். “நீ பயப்படாத, நான் இருக்கேன்” என்று ஆபரேஷன் அறை வாசலில் சொன்னதுகூட அந்த “நீ”யோடுதான்.

“உரிமையில சொல்றதுதானே?” என்றார் என் கணவர். அதையும் யோசித்தேன். அம்மாவை நான் “நீ” என்கிறேன். அம்மாவும் என்னை “நீ” என்கிறாள். இங்கே அப்படியா? அவர் என்னை “டீச்சர், நீங்க” என்பார். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வாயில் எனக்கு ஒரு “நீ” வந்ததில்லை. வந்திருந்தால் நான் அதை உரிமை என்று எடுத்துக்கொண்டிருப்பேனா என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இதில் எனக்கு அதிகம் உறைத்தது ஒன்று உண்டு. நான் உபதேசியார் மகள்.

தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் எங்கள் ஊர்க் காட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். சுற்றிலும் சிவந்த தேரி மண், பனை, உடை மரம். எங்கள் ஊர்ச் சபைக்கு அப்பா உபதேசியார். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்திலிருந்து ஐயர் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம், பள்ளிக்கூடம், அடக்க ஆராதனைக்குக் குழி வெட்ட ஆள் சொல்வது வரைக்கும் அப்பாதான். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்க ஒரு தாத்தா இருந்தார். எங்களுக்கு அவர் மணியடிக்கிற தாத்தா. ஊரில் மற்றவர்களுக்கு அவர் வெறும் பெயர்தான். பத்து வயதுப் பையன்கூட அவரைப் பெயர் சொல்லி, “ஏ, மணி அடிச்சிட்டியா?” என்று கேட்பான். அவர் வேறு தெரு. அந்தத் தெருவுக்கு ஊரில் இருந்த பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அப்பா அவரை “வாங்க” என்பார். “மழை வாற மாதிரி இருக்கு, ஜன்னல மூடிருங்க” என்பார். சபையில் பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசியது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. “உபதேசியாரே, அவனுக்குப் போயி நீங்க வாங்கவா? நாளைக்கு நம்ம பக்கத்துல வந்து உக்காருவான்.” அப்பா, “உக்காரட்டும். பாய் அகலமாத்தான இருக்கு” என்றார். அப்போது ஆலயத்தில் பெஞ்சு கிடையாது, பாய்தான்.

அம்மாவுக்கு இந்த விஷயத்தில் அப்பாமேல் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது. “வாங்க போங்கன்னா வயிறு நெறஞ்சிருமாக்கும்” என்று அடுப்படியிலிருந்து முனகுவாள். அம்மா அந்தத் தாத்தாவை “நீரு” என்பாள். எங்கள் பக்கம் அது இன்னும் பேச்சில் இருக்கிறது: “வாரும், இரும், கஞ்சி குடிச்சிட்டுப் போரும்.” வேதாகமத்தில் இருக்கிற “நீர்” வெளியூர்க்காரர்களுக்குப் பழைய தமிழாகத் தெரியலாம். எங்களுக்கு அது அடுப்படியில் கேட்கிற தமிழ். நீ-க்கு மேலே, நீங்க-வுக்குக் கீழே, நடுவில் ஒரு படி.

அசனத்தைப் பற்றிச் சொன்னால்தான் அப்பாவைச் சொன்னதாகும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைக்காரர்களுக்கு அசனம் தெரியாமல் இருக்காது. தெரியாதவர்களுக்காக: ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை போன்ற நாட்களில் சபையார் எல்லோரும் அரிசியும் காசும் கொடுத்து, நேர்ந்துகொண்டவர்கள் ஆட்டுக் கிடாவும் கொடுத்து, ஊருக்கே ஒன்றாகச் சமைத்துப் போடுகிற சாப்பாடு. அசனம் என்றால் வடமொழியில் உணவு என்றுதான் பொருள். ராத்திரி முழுக்க ஆண்கள்தான் சமைப்பார்கள். வடித்த சோற்றைப் புது ஓலைப்பாயில் மலைபோல் கொட்டி, கடகப்பெட்டியில் அள்ளி அள்ளிக் கொண்டுவருவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து மற்ற மதத்துக்காரர்களும் வந்து உட்காருவார்கள். ஆதிச் சபையின் அன்பின் விருந்து இதுதான் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சொல்லட்டும், அழகான நினைப்புத்தான். ஆனால் அந்த முதல் விருந்துகளிலேயே என்ன நடந்தது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிவைத்திருக்கிறார். முந்தி வந்தவன் முந்திச் சாப்பிட்டுவிட, “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.”

எங்கள் ஊர் அசனத்தில் யாரும் பட்டினியாகப் போனதில்லை. ஆனால் முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார் என்று யாரும் எழுதிவைக்காத ஒரு பட்டியல் இருந்தது. மணியடிக்கிற தாத்தாவின் தெரு கடைசிப் பந்தி. முதல் பந்தியில் அப்பாவுக்கு ஒரு இலை போட்டு வைத்திருப்பார்கள். அப்பா ஒவ்வொரு வருடமும் “ஜெபிச்சிட்டு வாரேன், ஆள் கவனிச்சிட்டு வாரேன்” என்று எதையாவது சொல்லிக்கொண்டே போய், கடைசிப் பந்தியில் உட்காருவார். எங்களையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வார். நாங்கள் அழுவோம். கடைசிப் பந்திக்கு வரும்போது கறிச்சட்டியில் எலும்பும் மிளகாயும்தான் கிடக்கும். அம்மா வீட்டுக்கு வந்து, “ஒங்க அப்பாவுக்கு என்ன, வேதத்த தின்னே வயிறு நெறஞ்சிரும்” என்பாள். அப்பா ஒருநாளும் அதற்கு விளக்கம் சொன்னதில்லை, அதை வைத்துப் பிரசங்கமும் பண்ணியதில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமா? வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், இரண்டு சாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி கவட்டைபோல் இரண்டாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுச்சுவரை 1910-ல் இடித்தார்கள். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டு, “அவங்கல்லாம் இப்படி” என்று சொல்லிக்கொண்டிருந்த சீர்திருத்தச் சபைக்காரர்களில் நானும் ஒருத்தி. தென் திருவிதாங்கூரில் எங்கள் முன்னோர் வீட்டுப் பெண்கள் மாராப்புப் போடுவதற்கே பட்ட பாடும், 1859-ல் ராஜா அதற்கு அனுமதி கொடுத்து அறிவித்ததும் எங்கள் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிற கதைதான். அந்தக் கதையைச் சொல்லி முடித்த அதே வாயால் மணியடிக்கிற தாத்தாவைப் பார்த்து “ஏ” என்பார்கள்.

ஞாயிறு பள்ளி நடந்த அந்த வாரம் எங்கள் ஐயரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். மூலத்திலேயே நீர், நீ இருக்கிறதா? அவர் கிரேக்கம் படித்தவர். புத்தகத்தை எடுத்துப் பார்த்து, “இல்ல டீச்சர், ரெண்டு பேருக்கும் ஒரே ‘சு’தான். கிரேக்கத்துல இந்த வித்தியாசமே கிடையாது” என்றார். அப்படியானால் இந்த நீரையும் நீயையும் போட்டது தமிழில் மொழிபெயர்த்தவர்கள்தான். போட்டதில் தப்பே இல்லை. இன்னும் சொன்னால், யாக்கோபு தமிழனாகப் பிறந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பார். இந்த ஊர் ஆலயத்தில் ஒரு பணக்காரனும் ஒரு ஏழையும் நுழைந்தால் என்ன வார்த்தை காதில் விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐயர் இன்னொன்றும் காட்டினார். யோவான் நான்காம் அதிகாரம், கிணற்றடியில் சமாரியப் பெண். நாங்கள் சின்னதிலிருந்து படிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் அவள் “தண்ணீர் மொள்ள வந்தாள்”. இயேசு அவளிடம் “தாகத்துக்குத் தா” என்கிறார். அவள் பதிலுக்கு “நீர் யூதனாயிருக்க” என்கிறாள். இவர் தா, அவள் நீர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அந்தப் பெண் “வந்தார்”. இயேசு அவரிடம் “குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்” என்று கேட்கிறார். தாகத்தோடு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிற ஒருவர், மொண்டு கொடுக்கப்போகிற பெண்ணிடம் “கொடும்” என்கிறார். அந்த ஒரு உம்-மைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழைய மொழிபெயர்ப்பின் ஓசைதான் பிடிக்கும், சங்கீதத்தை அதில்தான் மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். ஆனாலும் இந்த இடத்தில் புதியவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

சரி, தீர்மானம் பண்ணியாயிற்று. அடுத்த திங்கட்கிழமை காலையில் அவர் வந்ததும் “வாங்கக்கா, காபி குடிச்சிட்டு ஆரம்பிங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை “இந்தத் துணிய மட்டும் தனியா நனைச்சிருங்க” என்றேன். புதன்கிழமை அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“டீச்சர், நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்லையே, ஏன்?”

“மூணு நாளா நீங்க வாங்கன்னு பேசுதிய. என்னைய நிப்பாட்டப் போறியளோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. முன்பு ஒரு வீட்டில் வேலையை விட்டு நிறுத்துகிற அன்றைக்குத்தான் அவரை “நீங்க இனிமே வர வேண்டாம்” என்றார்களாம். அவர் வாழ்க்கையில் மேலே இருக்கிறவர்கள் வாயிலிருந்து “நீங்க” வந்தால் அது கதவைச் சாத்துகிற சத்தம். நான் பேரன் சொன்னதை ஒப்பித்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, “அந்தப் பய சொன்னானா? வீட்டுக்கு வரட்டும்” என்றார். அடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். நான் “அக்கா” என்பேன். நீங்க வந்தாலும் அவர் பயப்படக் கூடாது. அவசரத்தில் நீ வந்துவிட்டால் நானே திருத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வழுக்கும், அதுவும் முக்கியமாகப் பால் பொங்கி வழிகிற நேரத்தில். கோபம் வந்தால் எந்தச் சொல் வருகிறதோ அதுதான் உள்ளே இருக்கிற சொல் என்று தோன்றுகிறது. உட்காரச் சொன்னால் இன்னும் அடுப்படி வாசற்படியில்தான் உட்காருகிறார். நாற்காலியைக் காட்டினால், “இங்கதான் காத்து வருது” என்கிறார். உண்மையிலேயே அங்கே காற்று வருகிறதுதான். நான் வற்புறுத்தவில்லை.

இத்தோடு எழுதி முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அதே இரண்டாம் அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம் இருக்கிறது. உடையும் சாப்பாடும் இல்லாமல் நிற்கிறவர்களிடம் ஒருவன், “நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார் யாக்கோபு. அங்கே நீங்கள், போங்கள், பசியாறுங்கள். அது பலரைச் சொல்கிற பன்மை, மரியாதைப் பன்மை இல்லை என்று இலக்கணம் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். என் காதில் அது மரியாதையாகத்தான் விழுந்தது. மேலே “நீ அங்கே நில்லு” என்றவனும் மாட்டிக்கொண்டான், கீழே “நீங்கள் போங்கள்” என்றவனும் மாட்டிக்கொண்டான். ஒரே அதிகாரம்.

நான் இரண்டாவது ஆள். அக்காவின் சம்பளம் மூன்று வருடமாக இரண்டாயிரத்து ஐந்நூறிலேயே நிற்கிறது. எனக்கு வருடா வருடம் இன்கிரிமென்ட் வருகிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அகவிலைப்படி ஏறுகிறதா என்று பேப்பர் பார்க்கிறேன். அவருக்கு யார் ஏற்றுவார்கள்? அவர் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்றுதான் நானும் இருந்திருக்கிறேன். போன மாதம் ஒன்றாம் தேதி மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் எண்ணிப் பார்த்து, “இப்பத்தான் டீச்சர், நீங்க நிப்பாட்ட மாட்டியன்னு நம்பிக்கை வந்திச்சு” என்றார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அம்மா இன்னும் ஊரில் அண்ணன் வீட்டில்தான். நடந்ததை எல்லாம் சொல்லி, “அப்பா அந்தக் காலத்துலயே மணியடிக்கிற தாத்தாவ வாங்க போங்கன்னு எவ்ளோ மரியாதையா வச்சிருந்தாங்க!” என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“ஆமா, வச்சிருந்தாரு” என்றாள் அம்மா. “சபையில அவருக்கு மாசம் எழுவது ரூவா குடுத்தாவ. எழுவது ரூவாய வச்சு அஞ்சு வயித்துக்கு என்ன பண்ணுவாரு? கருப்பட்டி வித்த காசுல மாசாமாசம் நான்லா முப்பது ரூவா குடுத்துட்டு வந்தேன்.”

எனக்கு இது தெரியாது. “அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருகிட்ட சொன்னா சபைக் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுவாரு. பொறவு பெரிய பிரச்சினையாயிரும். அவரு வாங்கன்னாரு, நான் வாரும்னேன். அந்த மனுசன் ரெண்டு பேர்ட்டயும் நல்லாத்தான் இருந்தாரு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆமா, நீ எவ்ளோ கூட்டிக் குடுத்த?” என்று கேட்டாள்.

“ஆயிரம்.”

“மூணு வருசத்துக்கும் சேத்து ஆயிரந்தானா?”